வளைவுச் சுவர்மேல் ஒரு ஊர்

சிவப்பு விளக்கு இன்னும் எரியுது. கலெக்டர் ரூம் கதவுக்கு மேல இருக்கற அந்தக் குண்டு பல்பு அணைஞ்சாத்தான் நான் உள்ள போக முடியும். அது அணையற வழியைக் காணோம், அதையே பாத்துப் பாத்து இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் செவப்பா ஒரு வட்டம் கண்ணுக்குள்ள மிதக்குது. போன் மடியில கிடக்கு. அடிக்கல. அடிச்சிடாதே தாயி. இல்ல, அடி, அடிச்சுத் தொலை, இப்படிப் பேச்சுமூச்சு இல்லாம கிடக்காதே. எது நல்லதுன்னு எனக்கே தெரியலையே. குருந்தமேட்டுல இருந்து போன் வருதுன்னா அவங்க மலையை விட்டு இறங்கி தார்ரோட்டு வளைவுல வந்து நிக்கறாங்கன்னு அர்த்தம், அங்கதான் சிக்னல் எடுக்கும், மேல ஊருக்குள்ள ஒரு கோடு கூட வராது. அப்போ போன் வரலைன்னா என்ன? நாள் நெருங்கின அலமேலுக்கு இன்னும் வலி எடுக்கல, வயித்தைத் தள்ளிக்கிட்டு அவ பாட்டுக்கு ஆட்டைப் பத்திட்டுத் திரியறா. இல்லைன்னா வலி எடுத்து, கயித்துக்கட்டில்ல போட்டு ஆம்பளைங்க தூக்கிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா எங்கயோ... நிறுத்துடி. ஆட்டைப் பத்திட்டுத்தான் திரியறா. தபேதார் மாசிலாமணி அண்ணன் வெள்ளை யூனிஃபார்ம், சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை எல்லாம் மின்ன கதவோரமா நிக்கறாரு. "இன்னும் எவ்வளவு நேரம்ணே ஆகும்?"னு கேட்டேன். "சென்னையோட வீடியோ கான்பரன்ஸ்மா. எப்ப முடியும்னு ஐயாவுக்கே தெரியாது. கடைசி நாளும் அதுவுமா ஏன் இப்படிப் பறக்கறீங்க? உக்காருங்க"ன்னாரு. பறக்கறேனாம். தண்ணி குடிக்கக் கூட இந்த இடத்தை விட்டு எந்திரிக்கல நான்.

கடைசி நாள்தான். சாயங்காலம் ஆபீஸ் பூட்டினா என் ஃபெல்லோஷிப்பும் பூட்டியாச்சு. காலேஜ் முடிச்ச பிள்ளைகளைப் பரீட்சை வெச்சு, இன்டர்வியூ வெச்சு எடுத்து, மாவட்டத்துக்கு ஒருத்தரா கலெக்டர் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் வேலை பாக்க விடற திட்டம். கழுத்துல அட்டை உண்டு, கையெழுத்துப் போடற அதிகாரம் கிடையாது. மீட்டிங்ல நாற்காலி உண்டு, பேசச் சொன்னாத்தான் பேசணும். "ஃபெல்லோன்னா என்ன வேலைட்டீ?"ன்னு எங்கம்மா போன்ல கேட்டுக் கேட்டு அலுத்துப்போயி, கடைசியில அவளாவே ஒரு முடிவுக்கு வந்துட்டா. "கலெக்டருக்கு அடுத்தாப்பல எம் மவ மங்கைதான்"னு கோவில்பட்டியில எங்க தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா. பொய்னும் சொல்ல முடியாது, அவர் நாற்காலிக்குப் பின்னாடிதான் லேப்டாப்பை வெச்சுக்கிட்டு உக்காருவேன். இந்தத் தீபாவளிக்குப் போனப்ப பக்கத்து வீட்டு அத்தை, "அடுத்து கோட்டையிலயாமே?"ன்னு கேட்டாங்க. அம்மா மூஞ்சியைப் பாக்க முடியல. கோட்டையும் இல்ல, கொத்தளமும் இல்ல. சென்னையில ஒரு ஆலோசகர் வேலைக்குப் போட்டிருக்கேன், எல்லாம் முடிஞ்சாச்சு, கலெக்டரோட பரிந்துரைக் கடிதம் ஒண்ணுதான் பாக்கி, அதை டைப் அடிச்சு அவர் மேஜையில வெச்சாச்சு, சால்வை போட்டு, போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரு. குடுப்பாருல்ல? நான் வாயைத் திறக்காம இருந்தா குடுப்பாரு. திறந்தா? வாயைத் திறக்காம இருக்கறதுக்கு நான் வளர்ந்த லட்சணம் அப்படி இல்ல, ஸ்கூல்ல இருந்தே வாயாடின்னு பேரு, இன்னைக்குன்னு பாத்து ஒவ்வொரு வார்த்தையையும் ஒத்திகை பாத்துக்கிட்டிருக்கேன். கதவு வழியா அவர் குரல் கொஞ்சம் கொஞ்சம் கேக்குது. "ஹண்ட்ரட் பர்சென்ட்... எல்லா குக்கிராமமும்..." அய்யோ, என்னோட ஸ்லைடு. நான் செஞ்ச ஸ்லைடைத்தான் உள்ள படிச்சுக்கிட்டிருக்காரு.

அந்த வளைவு இருக்கே, ரொம்ப அழகான இடம், அதைச் சொல்லணும். மலையேறி வர்ற தார்ரோடு அங்க ஒரு திருப்பு திரும்பும், கீழ பள்ளத்தாக்கு, ஓரத்துல இடுப்பளவு உயரத்துல அகலமா ஒரு கைப்பிடிச் சுவர், மஞ்சளும் கறுப்புமா பட்டை அடிச்சிருக்கும். அங்கிருந்து குருந்தமேட்டுக்கு மண்பாதைதான். ஓடை ஒண்ணு குறுக்க வரும். சாமைக்காடு, கடுக்காய் மரம், அதுக்கும் மேல ஊரு. போன வருஷம் குக்கிராமக் கணக்கெடுப்பு வந்தப்ப வீடு வீடா ஏறி, கதவு முன்னாடி ஆளை நிக்க வெச்சு போட்டோ எடுத்து, விவரம் எல்லாம் செல்போன் செயலியில பதிஞ்சேன். பதிஞ்சு, அனுப்புன்னு அமுக்கினா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. சிக்னல் இல்ல. முதல் நாளே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, "மேல எடுத்துக்கங்க, கீழ வந்து ஏத்திக்கங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." நானும் எடுத்துக்கிட்டு இறங்கி வந்து, அந்தச் சுவர்மேல ஏறி உக்காந்து, காலை ஆட்டிக்கிட்டு, காத்து வேற ஜிலுஜிலுன்னு, ஒவ்வொரு வீடா ஏத்தினேன். அம்புட்டு வீட்டையும் ஏத்தி முடிச்சிட்டு செல்ஃபி வேற எடுத்துக்கிட்டேன், கழுத்துல அட்டையோட. பெருமை! அந்தச் செயலி இருக்கே, போட்டோ எடுத்த இடத்தைப் பிடிக்காதாம். எந்த இடத்துல இருந்து அனுப்பறோமோ அந்த இடத்தைத்தான் பிடிக்குமாம். எனக்கு யாரு சொன்னா? யாருக்குத் தெரியும்? ஒரு ஊரையே மலையில இருந்து தூக்கிட்டு வந்து ரோட்டோரச் சுவர்மேல வெச்சிருக்கேன், எல்லா வீடும் ஒண்ணுமேல ஒண்ணு, வரைபடத்துல பாத்தா ஒரே ஒரு புள்ளி. தார்ரோட்டுக்கு ஒட்டினாப்புல. தூரம் பூஜ்யம்னு அதுவே கணக்குப் போட்டுக்கிச்சு.

நேத்து ராத்திரிதான் பாத்தேன். அதுவும் எதுக்குப் பாத்தேன், பிரிவு உபசாரத்துக்குப் பண்ற ஸ்லைடுக்கு முகப்புல போட குருந்தமேடு அழகா இருக்குமேன்னு வரைபடத்தைப் பெருசு பண்ணினேன். பெருசு பண்ணப் பண்ண ஊரைக் காணோம். மலை மேல வெறும் பச்சை. ஊரு எங்கடின்னு தேடினா சுவர்மேல உக்காந்திருக்கு. அப்புறம் ஒவ்வொண்ணா தோண்டினேன். மண்பாதையை ரோடா போடற பட்டியல்ல குருந்தமேடு இல்ல, ஏற்கனவே ரோட்டுமேல இருக்கற ஊருக்கு எதுக்கு ரோடு? சரி, ரோடு இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு. அந்த ஜீப்பு? ரோடு இல்லாத ஊர்ல நிறைமாசக்காரிகளுக்காகன்னு ஊருக்குள்ளயே நிறுத்தி வெச்சிருந்த ஜீப்பு, அதையும் போன மாசமே எடுத்து வேற ஊருக்குக் குடுத்துட்டாங்க, தார்ரோட்டு ஊருக்கு ஆம்புலன்ஸ் போதும்னு. காலையில ஆபீஸ் திறந்ததும் ஓடினேன் திட்டப் பிரிவுக்கு. திட்ட அலுவலர் நல்ல மனுஷன்தான், பொறுமையாத்தான் கேட்டாரு. "பட்டியல் பூட்டியாச்சும்மா. கலெக்டர் சொன்னாத்தான் திறக்க முடியும். இன்னைக்கு சாயங்காலம் சென்னை மொத்தமா முடிச்சுக்கும். கணக்கெடுப்புல நம்ம மாவட்டம்தான் முதல்னு அவர் பேசப் போற நேரத்துல, கணக்கே தப்புன்னு போயி நிக்கப்போறீங்களா? ஒரு ஊருன்னு சொன்னா, எத்தனை ஊருன்னு கேப்பாங்க. நாளைக்கு நீங்க கோவில்பட்டி போயிடுவீங்க, இங்க பதில் சொல்றது யாரு? குட்டையைக் குழப்பாம நல்லபடியா கிளம்புங்க"ன்னாரு. ஜீப் டிரைவரைப் பிடிச்சேன், "உத்தரவு இல்லாம வண்டியை எடுத்தா என் வேலை போயிடும் மேடம்"னாரு. ஆம்புலன்ஸுக்கு அடிச்சேன், வளைவுல வந்து நிக்க முடியுமான்னு. போனை எடுத்த பொண்ணு, "பேஷன்ட் பேரு சொல்லுங்க. வலி வந்துடுச்சாங்க?"ன்னு கேட்டுச்சு. தெரியலைன்னேன். "வந்ததும் கூப்பிடுங்க"ன்னு வெச்சிடுச்சு. வந்ததும் கூப்பிடணுமாம். வந்ததும் கூப்பிட முடியாதுங்கறதுதானே என் தலைவலி!

நானே போயிருக்கலாம். காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வளைவுல இறங்கி மேல ஏறியிருந்தா இந்நேரம் அலமேலு பக்கத்துல இருந்திருப்பேன். இருந்து? நான் என்ன மருத்துவச்சியா, சமூகவியல் படிச்சவ. வண்டியை அனுப்பற சக்தி இந்தக் கதவுக்குள்ளதான் இருக்கு, அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன். அதனால மட்டும்தானா? உண்மையைச் சொல்லு மங்கை. கடிதமும் உள்ளதானே இருக்கு? அதை விட்டுட்டு மலைக்குப் போக உனக்கு மனசு வந்துச்சா? வரலை. சீ, என்ன பிறவிடி நீ. அலமேலு பேசினதெல்லாம் காதுக்குள்ளயே நிக்குது. என்னைவிட ரெண்டு வயசு சின்னவ, முதல் பிள்ளை பொறந்து ரெண்டாம் நாளே போயிடுச்சு, அதுவும் வழியில பொறந்த பிள்ளை, ஓடைக்கரையில. அதைச் சொல்லும்போது கூட அவ அழல, சாமைக்கூழைக் கலக்கிக்கிட்டே, "மழை பேஞ்சுதுங்க அன்னைக்கு, அதான்"ன்னா. நான்தான் அழுதேன். உடனே கேலி. "மேடத்துக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள இப்படி அழுதா நாளைக்கு எப்படிப் பெத்துக்குவீங்களாம்?" ரெண்டு மாசம் முன்னாடி நர்ஸம்மா அவளை, பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்பவே கீழ ஆஸ்பத்திரியில வந்து தங்கச் சொன்னாங்க. அவளுக்கு வர இஷ்டமில்லை, ஆட்டை யாரு பாப்பாங்கன்னு ஒரு பாட்டு. அப்பப் பாத்து இந்த அறிவாளி வாயைத் திறந்தேன். "ஏன் பயப்படறே, ஜீப்புதான் வாசல்லயே நிக்குதே. அப்படியே ஏதாவதுன்னாலும் நான் இருக்கேன்ல? ஒரு போன் போடு போதும்." என் நம்பரை அவ புருஷன் கரியராமன் அண்ணன் போன்ல நானே பதிஞ்சு குடுத்தேன். பாட்டு கேக்கவும் டார்ச் அடிக்கவும்தான் மேல அந்தப் போனு. நான் இருக்கேன்லன்னு சொன்னேன். ஜீப்பு போனதுக்கு அப்புறமும் என்னை நம்பித்தான் அவ இறங்கி வரலை.

போட்டோகிராபர் வந்து பக்கத்துல உக்காந்துட்டாரு, செய்தித் துறை ஆளு, மடியில கேமரா. "மேடம், சால்வை போடறப்ப கொஞ்சம் சிரிச்சீங்கன்னா நல்லா வரும். போன தடவை ஃபெல்லோ ஒரு தம்பி, அழுதுட்டாரு, படமே போச்சு"ங்கறாரு. தலையை ஆட்டினேன். இந்தாளு பேசறது எங்கயோ தூரத்துல கேக்குது, தரை துடைச்ச பினாயில் நாத்தம் மூக்குல ஏறுது, ஏசியில இருந்து வெளிய வாளியில சொட்டு சொட்டுன்னு தண்ணி விழுது. சொட்டு. சார், ஒரு நிமிஷம். சொட்டு. சார், ஒரு சின்னத் தப்பு. சின்னத் தப்பா? சார், ஒரு தப்பு நடந்திருக்கு. நடந்திருக்குன்னா, யாரு நடத்தினா, அதுவா நடந்து போச்சா? சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அப்படித்தான் ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா அவர் என்ன பண்ணுவாரு? கத்தமாட்டாரு, அது அவர் பழக்கம் இல்ல. கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெப்பாரு. இதுவரைக்கும் எனக்கு அப்படி வெச்சதில்ல, மத்தவங்களுக்கு வெச்சதைப் பின்னாடி நாற்காலியில இருந்து பாத்திருக்கேன், அதுக்கப்புறம் அவங்க பேச்சுக்கு அந்த ரூம்ல மதிப்பே இருக்காது. பாராட்டு வாங்கிட்டு இப்பத்தான் திரையை அணைச்சிருப்பாரு, அந்த நேரத்துல போயி, சார் நீங்க சொன்னது பொய், அதைப் பண்ணினது நான்னு சொல்லணும். கடிதத்தை எடுத்து டிராயர்ல போட்டுக்குவாரு. "எழுத்துல குடுங்க, பாக்கலாம்"பாரு. சாயங்காலம் என் அட்டையும் செல்லாது, எழுத்தும் செல்லாது. அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிப்பா, "சென்னைக்கு எப்பட்டீ போறே?"ன்னு. கடிதத்தை முதல்ல வாங்கிக்கிட்டு அப்புறமா சொன்னா என்ன? அடி களவாணி! ஆனா சொல்றது சொல்லியாச்சுல்ல? முதல்ல கையெழுத்து, அப்புறம் சார் ஒரு நிமிஷம்... அதுக்குள்ள அடுத்த மீட்டிங் ஆளுங்க உள்ள வந்துட்டாங்கன்னா? வந்துடுவாங்க. வரட்டும்னுதானே நினைக்கிறே? அப்ப நான் சொல்ல நினைச்சேன், நேரம் கிடைக்கலைன்னு காலம்பூரா சொல்லிக்கலாம்ல? எப்படியெல்லாம் தப்பிக்கப் பாக்குது பாரு இந்தப் புத்தி. கடவுளே, யாராவது என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி அவர் முன்னாடி நிறுத்துங்களேன். எனக்குத் தைரியம் இல்ல. நிஜமாவே இல்ல. வெளிய மேகம் கூடியிருக்கு, ஜன்னல்ல வெளிச்சம் மங்கிடுச்சு, மலைப்பக்கம் இன்னும் கறுப்பு. மழை பேஞ்சுதுங்க அன்னைக்கு, அதான். பேயாதே. ராத்திரி வரைக்கும் பேயாதே, உனக்குப் புண்ணியமாப் போவும்.

"மேடம், வாங்க வாங்க, விளக்கு அணைஞ்சிடுச்சு"ன்னு மாசிலாமணி அண்ணன் கதவைத் தள்ளினாரு. எந்திரிச்சேனா, யாரு எந்திரிச்சா தெரியல, குளிர் மூஞ்சியில அடிச்சுது, மேஜைக்கு அந்தப் பக்கம் கலெக்டர் சிரிச்ச முகமா நிக்கறாரு. "வாங்க மங்கையர்க்கரசி. இப்பத்தான் உங்க மேப்பைக் காட்டினேன், மத்த மாவட்டத்துக்கெல்லாம் அனுப்பச் சொல்லியிருக்காங்க. பிரமாதம்"ங்கறாரு. பிரமாதமாம். தோள்ல சால்வை விழுது, ஜரிகை கழுத்துல குத்துது. மேஜையில என் கடிதம், மேல பேனா, மூடியைக் கழட்டி வெச்சபடி. சார், ஒரு நிமிஷம். வாயைத் திறந்தேன், அதுக்குள்ள போட்டோகிராபர் முந்திக்கிட்டாரு. "கேமராவைப் பாருங்க மேடம், கொஞ்சம் சிரிங்க." சிரிச்சேன். அட பாவி, சிரிச்சேனே! பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சுது, கையில போன் அதிருது. கரியராமன் குருந்தமேடுன்னு திரையில பேரு. "அப்புறம் பேசிக்கங்களேன்"னு கலெக்டர் பேனாவை எடுக்கறாரு. அப்புறம். அப்புறம் எப்ப? நான் யோசிக்கல. யோசிச்சிருந்தா பண்ணியிருக்க மாட்டேன். பச்சையைத் தள்ளி ஸ்பீக்கரை அமுக்கி போனைக் கொண்டுபோய் அந்தக் கடிதத்து மேலயே வெச்சேன். மூச்சு வாங்கற சத்தம், காத்து, அதுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை அடித்தொண்டையில இருந்து முனகற சத்தம். "மேடம்! வந்துட்டமுங்க. வளைவுல நிக்கறமுங்க. எடுத்துட்டுப் போன ஜீப்பு எங்கீங்க மேடம்? ஆம்புலன்ஸுக்கு அடிச்சா வேற கேசுக்குப் போயிருக்குதாம். கட்டிலு கயிறு வழியிலயே அத்துப்போச்சுங்க, சுவர்மேல படுக்க வெச்சிருக்கமுங்க." கலெக்டர் நிமிர்ந்தாரு. "யாரு இது? எங்கிருந்து பேசறாங்க?" எனக்கு ஒத்திகை பாத்ததெல்லாம் மறந்துபோச்சு. "குருந்தமேடு சார். நிறைமாசக்காரி சார். நம்ம மேப்புல அவங்க வீடு இருக்கற இடத்துல இப்பத்தான் சார் வந்து நிக்கறாங்க. ஊரு அங்க இல்ல சார். மேல இருக்கு. நான்தான் கீழ உக்காந்து ஏத்தினேன். அதை நம்பி ஜீப்பை எடுத்துட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழட்டினாரு. மேஜையில வெச்சாரு. என்னைப் பாக்கல. கை மட்டும் மணியைத் தேடி அமுக்கிச்சு, ஒரு தடவை இல்ல, அமுக்கினபடியே இருக்கு, மாசிலாமணி அண்ணன் ஓடி வர்றாரு. "ஜீப் எங்க நிக்குது? யாரு எடுக்கச் சொன்னது? டிரைவரைப் பிடி!"ன்னாரு கலெக்டர். பேனா உருண்டு கீழ விழுந்துச்சு, யாரும் எடுக்கல, நானும் எடுக்கல. போன்ல அந்தக் குரல் அழற மாதிரி ஆயிடுச்சு. "மேடம்? மழை தூறுதுங்க மேடம். இருக்கீங்களா?" சால்வையை உருவித் தரையில போட்டுட்டுக் குனிஞ்சு போன்கிட்ட வாயை வெச்சேன். "இருக்கேன்ணே. இருக்கேன். அலமேலுகிட்ட சொல்லுங்க, நான் இருக்கேன்னு."